முறைமையும் கேள்வியும்: கண்டி மன்னர் முதல் ஜனாதிபதி வரை

கண்டி நகரை வளைத்தோடும் மகாவலி கங்கையின் வடக்கு வளைவில், மாத்தளை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் பாதை ஆற்றைக் கடக்கும் இடத்தில் கட்டுகஸ்தோட்டை அமைந்துள்ளது. இந்த ஆறும், அதற்கு உட்புறமாக எழும் மலைகளும் அரணாக நிற்க, முதலாம் விமலதர்மசூரியன் காலமான பதினாறாம் நூற்றாண்டின் இறுதி முதல் 1815 வரை கண்டியரசு போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் தாக்குப்பிடித்து நின்றது. வெளிப்பகையைத் தடுக்க ஆறும் மலையும் இருந்தன. உள்ளே முடிசூடியிருந்தவன் வரம்பு மீறினால் அவனைத் தடுக்க என்ன இருந்தது என்பது கண்டியின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த கேள்வியாகும். அமெரிக்க ஜனாதிபதிப் பதவியைச் சுற்றி அண்மைக் காலத்தில் நடந்துவரும் விவாதமும், இலங்கையில் 1978 முதல் நிலவும் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை பற்றிய விவாதமும் அடிப்படையில் இதே கேள்வியையே எழுப்புகின்றன என்பதால், கண்டியின் அனுபவம் உள்ளூர் வரலாறு என்ற எல்லையைத் தாண்டிய பொருளுடையது.

கண்டியரசனின் அதிகாரம் ஏட்டளவில் எல்லையற்றது. நிலம் அனைத்துக்கும் அவனே உரியவன். மரண தண்டனை விதிக்கும் உரிமை அவனுக்கு மட்டுமே இருந்தது. அதிகார் எனப்பட்ட முதன்மை அமைச்சர்களும், திசாவை எனப்பட்ட மாகாணத் தலைவர்களும் அவன் விருப்பத்தாலேயே பதவி பெற்றனர், அவன் விருப்பத்தாலேயே பதவி இழந்தனர். ஆயினும், கண்டியரசின் ஆட்சியமைப்பைப் பற்றி விரிவான குறிப்பை விட்டுச்சென்ற ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொய்லி, அரசன் நாட்டின் வழமைகளை மீறாமல் நடப்பான் என்று எதிர்பார்க்கப்பட்டதையும், முக்கியமான விடயங்களில் பிரதானிகளையும் சில வேளைகளில் மூத்த பிக்குகளையும் கலந்தே முடிவெடுத்தான் என்பதையும் பதிவுசெய்தார். சிங்களத்தில் ‘சிரித்’ என்று சொல்லப்படும் இந்த வழமைகள் எழுதப்பட்ட சட்டமல்ல. முன்னோர் நடந்த வழி என்பதாலேயே அவை வலிமை பெற்றன. இவற்றுக்கு மேலாக, தச ராஜ தர்மம் எனப்படும் பத்து அரச கடமைகளைப் பௌத்த மரபு வகுத்திருந்தது. ஈகை, ஒழுக்கம், தியாகம், நேர்மை, மென்மை, தன்னடக்கம், சினமின்மை, இம்சை செய்யாமை, பொறுமை, மக்களின் விருப்பத்துக்கு முரண்படாமை என்ற அந்தப் பத்தில் ஆட்சித்திறமும் போர்த்திறமும் இடம்பெறவில்லை என்பதும், மென்மை, சினமின்மை, பொறுமை ஆகிய மூன்றும் இன்று பொதுவாழ்வின் கண்ணியம் என்று பேசப்படுவதையே குறித்தன என்பதும் கவனத்துக்குரியவை.

அரசவையின் நடைமுறையோ இந்தக் கண்ணியத்தை ஒரு திசையில் மட்டுமே வேண்டியது. அரசன் முன் பிரதானிகள் நிலத்தில் விழுந்து வணங்கினர்; அவை முடியும் வரை மண்டியிட்டே இருந்தனர்; 1762இல் சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனியின் தூதராக வந்த ஜோன் பைபஸும் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் முன் முழந்தாளிட வேண்டியிருந்தது. மாகாணத்துக்கு அனுப்பப்படும் திசாவை தன் மனைவி மக்களைத் தலைநகரில் பிணையாக விட்டுச்செல்லும் வழக்கமும் இருந்தது. கீழுள்ளவர் மேலுள்ளவருக்குப் பொறுப்புக்கூறுவதற்கான ஏற்பாடுகள் இவ்வாறு நுணுக்கமாக வகுக்கப்பட்டிருக்க, மேலுள்ளவன் கீழுள்ளவருக்குப் பொறுப்புக்கூறுவதற்கு எந்த அவையும் எந்த நடைமுறையும் இருக்கவில்லை. பத்துக் கடமைகளை ஓதிக்காட்டப் பிக்குகள் இருந்தனர்; அவை மீறப்பட்டதை விசாரிக்க ஒருவரும் இல்லை.

இந்த இடைவெளி சதியாலும் கிளர்ச்சியாலும் நிரப்பப்பட்டது. 1664இல் இரண்டாம் ராஜசிங்கன் நிலம்பையிலிருந்த மாளிகையில் தங்கியிருந்தபோது, அம்பன்வெல ராலை முதலிய பிரதானிகள் இரவோடிரவாக அவனை வீழ்த்த முயன்று, அவனுடைய இளம் மகனைக் கண்டியில் அரசனாக அறிவித்தனர். சிறுவன் அவர்களிடமிருந்து தப்பித் தந்தையிடம் சேர்ந்துவிடவே கிளர்ச்சி கலைந்து, கடுமையான பழிவாங்கல் தொடர்ந்தது. அக்காலத்தில் கண்டிச் சீமையில் கைதியாக இருந்து 1679இல் தப்பிச்சென்ற ரொபர்ட் நொக்ஸ் எழுதிய நூல் இந்நிகழ்வை விவரிக்கிறது. தென்னிந்திய நாயக்கர் மரபினனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து 1753இல் உபசம்பதை என்னும் துறவுப் பட்டமளிப்பை மீட்டெடுத்தவன். அவனுக்கெதிராகவே 1760இல் சமனக்கொடி அதிகாரும் பிக்குகள் சிலரும் கூடிச் சியாமிய இளவரசன் ஒருவனை அரியணையேற்றத் திட்டமிட்டனர். திட்டம் வெளிப்பட்டதும் அதிகாருக்கு மரண தண்டனை கிடைத்தது. ஆனால் அரசன் பௌத்த சங்கத்துக்கு அளித்துவந்த ஆதரவைக் கைவிடவில்லை. இரு நிகழ்வுகளிலும் அரசன் செய்த பிழை எது, அதற்கு அவன் தரும் விளக்கம் யாது என்ற விசாரணைக்கு இடமே இருக்கவில்லை. அரசனைக் கொல்வது அல்லது அவனால் கொல்லப்படுவது என்ற இரண்டே முடிவுகள் இருந்தன.

கட்டுகஸ்தோட்டைக்கு அண்மையில், மகாவலியின் கரையிலுள்ள வட்டபுலுவவில் 1803 ஜூனில் நடந்தது, எழுதிக்கொடுத்த வாக்கையும் காப்பாற்ற யாரும் இல்லாத நிலையைக் காட்டுகிறது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், மறைந்த மன்னன் ராஜாதி ராஜசிங்கனின் மைத்துனனான முத்துசாமியை அரியணையில் அமர்த்தி, ஒரு காவற்படையை விட்டுச்சென்றனர். நோயால் நலிந்த அந்தப் படை முற்றுகைக்கு ஆளானபோது, ஆயுதங்களுடனும் முத்துசாமியுடனும் திருகோணமலைக்குச் செல்லலாம் என்ற உடன்பாட்டின் பேரில் அதன் தலைவன் மேஜர் டேவி நகரைக் கையளித்தான். மழைவெள்ளத்தால் பெருகியிருந்த ஆற்றைக் கடக்க இயலாமல் படை கரையில் நின்றபோது, முத்துசாமியை ஒப்படைக்குமாறு அரசனிடமிருந்து கட்டளை வந்தது, டேவி இணங்கினான், முத்துசாமி கொல்லப்பட்டான், அதன்பின் ஆயுதம் களையப்பட்ட படையினரும் கொல்லப்பட்டனர். கண்டித் தரப்பு உடன்பாட்டை முறித்தது. ஆங்கிலேயத் தரப்பு தன்னை நம்பி வந்தவனைக் கைவிட்டது. கைதியாகவே இறந்த டேவியிடமும் சரி, அரசனிடமும் சரி, இவற்றுக்குக் கணக்குக் கேட்க எந்த மன்றமும் இருக்கவில்லை.

அந்த அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய பதினெட்டு வயது இளைஞனான அவனை 1798இல் அரியணையில் ஏற்றியவர் முதல் அதிகாரான பிலிமத்தலாவ. இளைஞன் தம் சொற்படி நடப்பான் என்று அவர் எதிர்பார்த்ததாகவே வரலாற்றாசிரியர் பலரும் கருதுகின்றனர். அந்த எதிர்பார்ப்பு பொய்த்து, அரசனுக்கு எதிரான சதிக்காகப் பிலிமத்தலாவயே மரண தண்டனை பெற்றார். கண்டி வாவியை அமைப்பதற்கும் தலதா மாளிகையின் முகப்பிலுள்ள பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபத்தை எழுப்புவதற்கும் வாங்கிய ஊழியம் பிரதானிகளின் மனக்கசப்பை வளர்த்தது. 1814இல் சப்ரகமுவைத் திசாவையாகவும் முதல் அதிகாராகவும் இருந்த எகலப்பொல அரசகட்டளையை மறுத்துக் கிளர்ந்து, தோற்று, ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தபோது, தலைநகரில் பிணையாக இருந்த அவருடைய மனைவியும் பிள்ளைகளும் பொதுமக்கள் முன் கொல்லப்பட்டனர். பெண்ணுக்குக் கொலைத்தண்டனை விதிப்பது வழமைக்கு முற்றிலும் மாறானது என்பதால், அதுவரை அரசனுடன் நின்றவர்களும் அன்று மனம் மாறினர். வழமையை மீறியவனைத் தட்டிக்கேட்க உள்ளூரில் வழியில்லாத நிலையில், பிரதானிகள் வெளியாரின் படையை நாடினர். டொய்லியின் இரகசியத் தொடர்புகளும் ஆளுநர் ரொபர்ட் பிரவுன்றிக்கின் பேராசையும் அந்த நாட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டன. 1815 பெப்ரவரி 18 அன்று தும்பறைப் பகுதியில் மெதமகநுவரைக்கு அருகே அரசன் பிடிபட்டான்.

அதே ஆண்டு மார்ச் 2 அன்று, அரச அவை கூடும் மரத்தூண் மண்டபமான மகுல் மடுவவில் வாசிக்கப்பட்ட கண்டி ஒப்பந்தம், நாட்டைக் கைமாற்றிய ஆவணம் என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. பன்னிரண்டு பிரிவுகளைக் கொண்ட அந்த ஆவணத்தின் முதலிரு பிரிவுகளோ ஓர் ஆட்சியாளன் மீதான குற்றப்பத்திரமாகவே எழுதப்பட்டுள்ளன. விசாரணையின்றியும் சில வேளைகளில் குற்றச்சாட்டே இன்றியும் வதைத்தான், கொன்றான், மக்களின் உரிமைகளை இகழ்ந்தான் என்று முதற்பிரிவு சாட்டுகிறது; அரசனுக்குரிய தலையாய கடமைகளை இடைவிடாது மீறியமையால் அப்பதவிக்கான உரிமையை அவன் இழந்துவிட்டான் என்று இரண்டாம் பிரிவு தீர்க்கிறது. கடமையை மீறியவன் பதவிக்கு உரியவன் அல்லன் என்ற கொள்கையே இந்த இரு பிரிவுகளின் அடிப்படை.

முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 1776 ஜூலையில், வட அமெரிக்கக் குடியேற்றங்கள் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனமும் இதே அமைப்பையே கொண்டிருந்தது: ஓர் அரசன் இழைத்த இருபதுக்கும் மேற்பட்ட தீங்குகள் வரிசையாகச் சொல்லப்பட்டு, அவன் ஆளத் தகுதியற்றவன் என்ற முடிவு அறிவிக்கப்பட்டது. அங்கே குற்றம் சாட்டப்பட்டவர் பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜ். கண்டியில் குற்றம் சாட்டப்பட்ட அரசனின் நாடு யாருக்குக் கையளிக்கப்பட்டதோ அவரும் அதே மூன்றாம் ஜோர்ஜ், அப்போது மனநலம் குன்றி, மகனிடம் ஆட்சிப்பொறுப்பை விட்டிருந்தவர். அமெரிக்கர் குற்றப்பத்திரத்தின் பின் 1787இல் ஓர் அரசியலமைப்பை எழுதி, துரோகம், இலஞ்சம், பிற பெருங்குற்றங்கள் ஆகியவற்றுக்காக நாட்டின் தலைவரையே பதவியிலிருந்து நீக்கும் நடைமுறையை வகுத்தனர். கண்டியில் குற்றப்பத்திரத்தின் பின் வந்தது இன்னோர் அரசனின் ஆளுநர். அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை கண்டியில் எவருக்கும் வழங்கப்படவில்லை.

ஒப்பந்தத்தில் இன்னொரு குறையும் பொதிந்திருந்தது. பதவியிழந்தவனை அது ‘மலபார்’ ஆட்சியாளன் என்று அடையாளப்படுத்தியது. தமிழ், மலையாளப் பிரதேசத்தவரைக் குறிக்க அக்கால ஐரோப்பியர் வழங்கிய சொல் அது. அதே ஆவணம் அவனுடைய குடும்பத்தினர் அனைவரையும் அரியணையிலிருந்து விலக்கி, அவனது உறவினர் என்று கூறிக்கொள்ளும் ஆண்களை எதிரிகளாகவும் அறிவித்தது. ஒருவன் செய்தவற்றுக்குக் கணக்குக் கேட்பதாகத் தொடங்கிய குற்றப்பத்திரம், மூன்றாம் பிரிவை எட்டும்போது ஒரு குலத்தின் மீதான தீர்ப்பாக மாறிவிட்டது. கொடுமை அவனுடைய நாயக்கர் குலத்துக்கே உரியதாகக் காட்டப்பட்டதால், சிங்கள மன்னனாகிய இரண்டாம் ராஜசிங்கனின் கடுமையையும், சதிகளில் பிரதானிகளுக்கு இருந்த பங்கையும் எவரும் எண்ணிப்பார்க்க வேண்டிய தேவையற்றுப் போயிற்று. அரசன் 1816இல் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவனது நினைவிடமாக விளங்குகிறது.

புதிய ஆட்சியில் பணிவின் வடிவங்கள் மாறின. 1817–1818இல் ஊவா, வெல்லச கிளர்ச்சி நசுக்கப்பட்டு, அதன் தலைவர் கெப்பெட்டிப்பொல கண்டியின் போகம்பறையில் தலைவெட்டப்பட்ட அதே 1818 நவம்பரில் வெளிவந்த பிரகடனம், நிலத்தில் விழுந்து வணங்கும் வழக்கத்தை ஒழித்தது. கூடவே, அவை மண்டபத்துள் நுழைவோர் அங்கு மாட்டப்பட்டிருந்த பிரித்தானிய மன்னரின் படத்துக்கு வணக்கம் செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. அந்நியரை அழைத்துவந்த எகலப்பொலவும் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டு, மொரிசியசுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கு இறந்தார். விசாரணையின்றித் தண்டித்தான் என்று அரசன் மீது சாட்டியவர்கள், தாமும் விசாரணையின்றித் தண்டித்தனர்.

ஆளுநர்களுக்குக் கணக்குக் கேட்கும் இடம் இலண்டனில் மட்டும் இருந்தது. ஒருமுறையேனும் அது இயங்கியது. 1848இல் புதிய வரிகளுக்கு எதிராக மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கிளர்ச்சியை ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டத்தால் அடக்கினார். கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு ஓகஸ்ட் 8 அன்று கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். குடாபொல தேரர் என்னும் பிக்கு காவியுடையுடனேயே சுடப்பட்டமை பெருங்கொதிப்பை உண்டாக்கியது. பிரித்தானிய பாராளுமன்றம் தெரிவுக்குழு அமைத்துச் சாட்சியம் கேட்டது. 1850இல் டொரிங்டன் பதவியை விட்டு விலக நேர்ந்தது. இறந்தவர்கள் கண்டியில், விசாரித்தவர்கள் இலண்டனில், விசாரணையின் நோக்கம் பேரரசின் நற்பெயர் என்ற குறைபாடுகள் இருப்பினும், உயிருடனும் பதவியுடனும் இருந்த ஓர் ஆட்சியாளரிடம், படை திரட்டாமல், கேள்வி கேட்டு விடை வாங்க இயலும் என்பதைக் கண்டியின் வரலாற்றில் முதலில் காட்டிய நிகழ்வு அது.

சுதந்திர இலங்கையில் இக்கேள்வி புதுவடிவம் பெற்றது 1978இலாகும். ஜே.ஆர். ஜயவர்தன அவ்வாண்டு பெப்ரவரி 4 அன்று நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பதவியிலிருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாதவாறு விடுபாட்டுரிமை வழங்கியது. 1977இல் வென்றதும் அவர் கண்டிக்கு வந்து பத்திரிப்புவவிலிருந்து மக்களுக்கு உரையாற்றியதும், தர்மிஷ்ட சமூகம் எனப்படும் அறநெறிச் சமூகத்தை வாக்களித்ததும், அரச கடமைகளின் பழைய சொல்வழக்கைப் புதிய பதவிக்கு உரியதாக்கின. ஆனால் 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டன. 1982இல் ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடப்படாத பதவிவிலகற் கடிதங்கள் வாங்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பால் பாராளுமன்றத்தின் காலம் ஆறாண்டுகள் நீட்டப்பட்டது. திசாவையின் குடும்பத்தைப் பிணையாக வைத்த பழைய ஏற்பாட்டுக்கும் திகதியற்ற கடிதத்துக்கும் வடிவில் வேறுபாடு உண்டு. கீழுள்ளவரைக் கட்டிவைத்து மேலுள்ளவரை அவிழ்த்துவிடும் பயனில் இல்லை.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் ஜனாதிபதியை நீக்குவதற்குக் குற்றப் பிரேரணை என்ற வழி இருந்தது: பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மை, உயர் நீதிமன்றத்தின் விசாரணை, மீண்டும் மூன்றிலிரண்டு பெரும்பான்மை. 1991இல் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராக அவருடைய கட்சியைச் சேர்ந்த லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க ஆகியோர் முன்னின்று சமர்ப்பித்த பிரேரணை, பாராளுமன்ற அமர்வு ஒத்திவைக்கப்பட்டதையடுத்து, போதிய செல்லுபடியான கையொப்பங்கள் இல்லையென்று சபாநாயகரால் ஒக்டோபரில் நிராகரிக்கப்பட்டது. முன்னின்றவர்கள் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அமெரிக்காவிலும் 1868இல் அன்ட்ரூ ஜோன்சன், 1998இல் பில் கிளிண்டன், 2019இலும் 2021இலும் டொனால்ட் ட்ரம்ப் ஆகியோர் மீது குற்றப் பிரேரணை நிறைவேறியபோதும், மேலவையான செனட் எவரையும் குற்றவாளியாகக் காணவில்லை. ரிச்சர்ட் நிக்சன் 1974இல் தாமாகவே விலகினார். ஜோர்ஜ் வொஷிங்டன் இரண்டு தவணைகளுடன் ஓய்ந்தமையால் பிறந்த வழமையை ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1940இல் மீறியதும், அதை 1951இல் 22ஆம் திருத்தம் சட்டமாக்கியது. இலங்கையிலோ 2010இல் 18ஆம் திருத்தம் தவணை வரம்பை அகற்றியது. 2015இல் 19ஆம் திருத்தம் அதை மீட்டது.

அந்த 19ஆம் திருத்தத்தின் மிகமுக்கியமான விளைவு, ஜனாதிபதியின் உத்தியோகபூர்வச் செயல்களை அடிப்படை உரிமை மனு மூலம் உயர் நீதிமன்றத்தில் வினவ வழி திறந்தமையாகும். 2018 நவம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, ஏழு நீதியரசர்கள் டிசம்பர் 13 அன்று அது அரசியலமைப்புக்கு முரணானது என ஒருமனதாகத் தீர்த்தனர், தீர்ப்பு ஏற்கப்பட்டது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தடுக்கத் தவறியமைக்காக அவரே பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் கட்டளையிட்டது. இவ்வழி எல்லோருக்கும் சமமாகத் திறந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிய வன்முறை கட்டுகஸ்தோட்டை வரை பரவி, முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, அவசரகாலநிலை அறிவிக்கப்பட்ட பின்னரும் தாக்குதல்கள் தொடர்ந்தன; ஒருவரின் செயலை விட்டுவிட்டு ஓர் இனத்தையே குற்றவாளியாக்கும் 1815இன் மொழி, இரு நூற்றாண்டுகளின் பின்னும் கண்டியின் சுற்றுவட்டத்தில் வலுவிழக்கவில்லை.

2020 ஓகஸ்ட் 12 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அமைச்சரவை மகுல் மடுவவில் பதவியேற்றது. அரசன் ஒருவன் கடமை மீறலுக்காகப் பதவியிழந்ததாக அறிவிக்கப்பட்ட அதே மண்டபம் மன்னராட்சியின் பொலிவுக்காகத் தெரிவுசெய்யப்பட்டது. ஒக்டோபரில் 20ஆம் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கியது. எரிபொருளும் மருந்தும் அந்நியச் செலாவணியும் தீர்ந்த 2022இல் எவரும் குற்றப் பிரேரணையால் அவரை நீக்கவில்லை. ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகையில் புகுந்தனர், 13 அன்று அவர் நாட்டைவிட்டு வெளியேறினார், மறுநாள் வெளிநாட்டிலிருந்து பதவி விலகினார். 1664இலும் 1814இலும் போலவே, உள்ளிருந்த வழி அடைபட்டபோது வெளியிலிருந்து கதவு தள்ளப்பட்டது. ஆயினும் இம்முறை கதை அங்கே முடியவில்லை: 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், கோட்டாபய, அவருடைய சகோதரர்களான மகிந்த, பசில் ராஜபக்ச உள்ளிட்டோர் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தால் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று பெயர் குறிப்பிட்டுத் தீர்த்தது. தண்டனை என்ற அளவில் அது சிறிது. ஆனால் சாட்டுரை, எதிர்வாதம், காரணங்களுடன் கூடிய தீர்ப்பு என்ற முறையில் ஆட்சியாளரின் செயல் ஆராயப்பட்டது என்பதே 1815இன் ஆவணத்திலிருந்து அதை வேறுபடுத்துகிறது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2024 ஜூலை 1 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதிகளின் உத்தியோகபூர்வச் செயல்களுக்குக் குற்றவியல் வழக்கிலிருந்து பரந்த பாதுகாப்பு உண்டென்று தீர்த்தது. நெடுங்காலமாக வழமைகளின் வலிமையில் நின்ற ஒரு பதவிக்கு, வழமைகள் தளர்ந்த வேளையில் கூடுதல் காப்பு கிடைத்தது; மன்னர்களின் மண்டபத்திலிருந்து அதிகாரப் பொலிவைப் பெற்ற இன்னொரு பதவி, தோல்விகளின் வழியே, நீதிமன்றத்தின் கேள்விக்கு உட்படத் தொடங்கியது. கண்டியின் மரபில் ஆட்சியாளரின் கண்ணியத்தைப் பற்றிய போதனைக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை; பத்துக் கடமைகளையும் எல்லா அரசரும் அறிந்திருந்தனர். பஞ்சம் இருந்தது, அவற்றை மீறியவனிடம் உயிருக்கு அஞ்சாமலும் அந்நியரை அழைக்காமலும் குலத்தைப் பழிக்காமலும் கேள்வி கேட்கக்கூடிய ஓர் இடத்துக்கே. நல்ல ஆட்சியாளர் வருவார் என்று காத்திருப்பதைக் காட்டிலும் அந்த இடத்தைக் காப்பது குடிமக்களின் முதன்மையான பணி என்பதை வட்டபுலுவவின் கரையும் மகுல் மடுவவின் ஆவணமும் ஒருங்கே மெய்ப்பிக்கின்றன.